மூக்கிலிருந்து குருதிக்கு: ஸ்டஃபைலோகாக்கஸ் வரும் வழி



ஒரே ஒரு கிருமியை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். காசநோய்க் கிருமியை எடுத்திருக்கலாம், காலராவை எடுத்திருக்கலாம். அவற்றின் பெயரைக் கேட்டால் மக்களுக்கு அச்சம் உண்டு. அரசிடம் திட்டம் உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஸ்டஃபைலோகாக்கஸ். மருத்துவமனையில் சுருக்கமாக 'ஸ்டாஃப்' என்போம். இதற்கென்று ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடந்து யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் 2019-இல் உலகம் முழுவதும் பாக்டீரியாக்களால் நேர்ந்த இறப்புகளைக் கணக்கிட்டு 2022-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட ஆய்வு, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இந்த ஓர் இனத்தோடு தொடர்புடைய இறப்புகள் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் என்கிறது. 135 நாடுகளில் உயிர் குடிக்கும் பாக்டீரியாக்களில் இதுவே முதலிடம்.

நம் வீடுகளில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கோடையில் வரும் வேனற்கட்டி, இமையோரம் வரும் கண்கட்டி, விரல் நுனியில் விண் விண்ணென்று தெறிக்கும் நகச்சுற்று, சர்க்கரை நோயாளியின் பிடரியில் பல கண் வைத்துப் பழுக்கும் ராஜபிளவை. பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இதுதான். இதே கிருமிதான் இதய வால்வைத் தின்கிறது, முதுகெலும்பின் வட்டுக்குள் சீழ் கட்டுகிறது, பிறந்த குழந்தையின் தோலை வெந்நீர் பட்டதுபோல் உரித்துவிடுகிறது.

இது எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தே வருகிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மூக்கின் முன்வாசலில் ஆரியஸ் இப்போது குடியிருக்கும். அவர்களுக்கு ஒரு துன்பமும் இல்லை. பலருக்கு ஆயுள் முழுவதும் இருக்காது. ஜெர்மனியில் நடந்து 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குருதியில் ஸ்டாஃப் தொற்று வந்தவர்களின் மூக்கிலிருந்த கிருமியையும் குருதியிலிருந்த கிருமியையும் ஒப்பிட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இரண்டும் ஒன்றே. மூக்கிலிருந்து கைக்கு, கையிலிருந்து தோலுக்கு, தோலில் ஒரு கீறல், ஒரு ஊசித் துளை, அவ்வளவுதான் பயணம். நான் இன்று சொல்ல வந்ததும் அந்த வழியைப் பற்றித்தான். இந்தக் கிருமியோடு நடக்கும் போராட்டத்தில் மருந்தைப் பற்றியே அதிகம் பேசிவிட்டோம். அது உள்ளே வரும் வழியை அடைப்பதையும், வந்தபின் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி எடுப்பதையும் குறைவாகப் பேசுகிறோம்.

இந்தக் கிருமியைக் கண்டறிந்தவர் ஆய்வக விஞ்ஞானி அல்லர், ஓர் அறுவை மருத்துவர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இருந்த அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன். அந்தக் காலத்தில் அறுவை செய்த புண் சீழ் பிடிப்பது இயல்பு என்றே கருதினார்கள். நல்ல கெட்டியான சீழ் வந்தால் நோயாளி தேறிவருகிறார் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்லும், அறுவை மருத்துவர் லிஸ்டரின் முறை அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அந்த முறையைக் கையாண்டபோது புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதை ஆக்ஸ்டன் கண்டார். அப்படியானால் சீழுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று அவர் மனம் சொன்னது. கடுமையாக வீங்கிப் பழுத்திருந்த ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கொத்துக் கொத்தாகச் சின்ன உருண்டைகள்.

அதன்பின் அவர் செய்ததை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும். பிரித்தானிய மருத்துவச் சங்கத்திடம் 50 பவுண்டு உதவித்தொகை பெற்று, தம் வீட்டுக்குப் பின்புறமே ஆய்வகம் அமைத்தார். கட்டி கட்டியாகச் சோதித்தார். திடீரென்று சிவந்து வலித்துப் பழுத்த கட்டிகளில் எல்லாம் இந்த உருண்டைகள் இருந்தன. காசநோயால் மெல்ல ஊறும், வலியும் சூடும் இல்லாத கட்டிகளில் இல்லை. சீழை எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் ஊசி வழியாகச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. அதே சீழைச் சூடாக்கியோ கார்பாலிக் அமிலம் கலந்தோ செலுத்தினால் வரவில்லை. கிருமியைக் கோழி முட்டைக்குள் வளர்த்தும் காட்டினார். 1880 ஏப்ரலில் பெர்லின் அறுவை மருத்துவர் மாநாட்டில் இதைச் சொன்னபோது அங்கே மதிப்புக் கிடைத்தது. சொந்த நாட்டில்தான் பலர் நம்ப மறுத்தார்கள். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1882-இல் இதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஈராண்டு கழித்து ரோசன்பாக் என்ற மருத்துவர் இதைத் தனித்து வளர்த்து, பொன்னிறமாக வளர்வதை ஆரியஸ் என்றும் வெண்ணிறமாக வளர்வதை ஆல்பஸ் என்றும் பிரித்தார்.

அந்த வெள்ளை வகையைச் சேர்ந்த எபிடெர்மிடிஸ் நம் எல்லோர் தோலிலும் இருப்பது. செயற்கை வால்வு, மூட்டு, கதீட்டர் போன்ற பொருள்மேல் படலம் கட்டிக்கொண்டால்தான் அது தொல்லை. இளம் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று தரும் சாப்ரோஃபைட்டிகஸ் என்று ஒன்றும் உண்டு. இவற்றை இன்று இத்தோடு விடுகிறேன்.

ஆரியஸுக்கு அந்தப் பொன்னிறம் வெறும் அழகு இல்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியபின் ஆக்சிஜன் நச்சுகளைப் பாய்ச்சிக் கொல்லப் பார்க்கும். அந்த மஞ்சள் நிறமி அதைத் தாங்கிக்கொள்ள உதவுகிறது. பிளாஸ்மாவை உறையவைக்கும் கோயாகுலேஸ் என்னும் பொருளை இது சுரக்கிறது. சிறிய ஆய்வகத்தில்கூட, ஒரு குழாயில் பிளாஸ்மாவோடு கிருமியைக் கலந்து சில மணி நேரம் வைத்து, உறைந்தால் ஆரியஸ் என்று சொல்லிவிடலாம். அந்த உறைவைத் தன்னைச் சுற்றி வேலியாக்கிக்கொண்டு உள்ளே இருந்து பெருகும். நம் எதிர்ப்புப் புரதங்களைத் தலைகீழாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அவை வெள்ளணுக்களை அழைக்க முடியாமல் செய்யும். இத்தனையும் போதாமல் நச்சுகளையும் சுரக்கும்.

நச்சு என்றதும் உணவைச் சொல்லியாக வேண்டும். விருந்தில் சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பத்துப் பேர் சேர்ந்து வாந்தி எடுத்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். சமைத்தவர் கையில் ஒரு பழுத்த புண் இருந்திருக்கும். பால் பண்டமோ பிசைந்த சாதமோ வெக்கையில் மணிக்கணக்கில் இருந்திருக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும். அது அதற்குள் சுரந்துவைத்த நச்சு கொதிநிலையையும் தாங்கும். சுட வைத்துவிட்டோமே என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பண்டபெர்க் என்று ஓர் ஊர், கரும்பு விளையும் ஊர். தொண்டை அடைப்பான் அங்கே குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அதைத் தடுக்க ஊரில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மருந்து ஒரு ரப்பர் மூடியிட்ட புட்டியில் வந்தது. ஊசியால் மூடியைக் குத்திப் பல குழந்தைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். 1928 சனவரியில் அந்தப் புட்டியிலிருந்து சில முறை மருந்து எடுத்துப் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு அது கோடைக்காலம். புட்டி குளிர்பெட்டியில் வைக்கப்படவில்லை. சனவரி 27 அன்று 21 குழந்தைகளுக்குப் போட்டார்கள். அன்றிரவே வாந்தி, காய்ச்சல், வலிப்பு. 18 பேர் நோயுற்றார்கள், 12 பேர் இறந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று சகோதரர்கள்.

நோயைத் தடுக்கவென்று பெற்றோர் தாமே கையைப் பிடித்து அழைத்துப்போன பிள்ளைகள். ஊரின் துயரம் நாட்டின் துயரமானது. அரசு விசாரணைக் குழு அமைத்தது; தலைவர் மெல்போர்னின் வால்ட்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவன இயக்குநர் சார்ல்ஸ் கெல்லவே. பிழைத்த பிள்ளைகளின் கையில் ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டிகளிலும் அந்தப் புட்டியிலும் ஒரே கிருமி, ஸ்டஃபைலோகாக்கஸ். மருந்தில் கிருமியைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. எப்போதோ ஒரு முறை ஊசி மூடியைத் துளைத்தபோது உள்ளே போன கிருமி, வெக்கையில் பெருகியிருக்கிறது. பலமுறை பயன்படுத்தும் புட்டியில், கிருமி வளரக்கூடிய மருந்தைப் பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல் அனுப்பக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. இந்த விசாரணைக்கான ஆய்வகப் பணியில் ஈடுபட்ட இளைஞர் மெக்ஃபார்லேன் பர்னெட். இந்தக் கிருமியின் நச்சைப் பற்றி அவர் தொடர்ந்து செய்த ஆய்வுகளிலிருந்துதான், ஆல்ஃபா நச்சு என்று இன்று நாம் அழைப்பதைப் பற்றிய அறிவு வளர்ந்தது. செல்லின் சவ்வில் துளையிடும் நச்சு அது. பிற்காலத்தில், 1960-இல், நோய் எதிர்ப்பியலுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இங்கே அமர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு சொல். தட்டம்மைத் தடுப்பூசித் தூளை நீரில் கரைத்த நேரத்தைப் புட்டிமேல் எழுதுகிறீர்கள். நான்கு மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டுகிறீர்கள். அந்தத் தடுப்பூசியில் பாதுகாப்புப் பொருள் சேர்க்க முடியாது, சேர்த்தால் உயிருள்ள வைரஸ் செத்துவிடும். ஆகவே அங்கே காவல் உங்கள் கடிகாரம்தான். 2017-இல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நான்கு நாள் பயன்படுத்தி, குளிர்ச்சியும் இல்லாமல் தட்டம்மை ஊசி போட்டதில் 15 குழந்தைகள் இறந்தார்கள். மாசுபட்ட மருந்தால் வந்த கடும் தொற்று என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அறிவித்தன. பண்டபெர்க்குக்குப் பின் ஏறத்தாழ 90 ஆண்டு கழித்து! தடுப்பூசியின்மேல் பழி போடுகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சொல்வதுண்டு. இரண்டிலும் குழந்தைகளைக் கொன்றது தடுப்பூசியின் சரக்கு அல்ல, அதற்குள் புகவிடப்பட்ட கிருமி. உங்கள் பேனாவால் எழுதும் அந்த நேரத்தை யாராவது அலுப்பாகப் பார்த்தால் பண்டபெர்க்கின் கதையைச் சொல்லுங்கள்.

அதே 1928-இன் செப்டம்பரில் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பினார். பெனிசிலின் பூஞ்சையின் கதை எல்லோருக்கும் தெரியும். பூஞ்சை விழுந்த அந்த ஆய்வகத் தட்டில் வளர்ந்திருந்தது ஸ்டஃபைலோகாக்கஸ்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பெனிசிலின் இந்தக் கிருமியின் மேல்தான் முதலில் கண்டறியப்பட்டது, இந்தக் கிருமியிடம்தான் முதலில் தோற்கவும் தொடங்கியது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் ஆண்டுதோறும் எண்ணினார். 1946-இல் ஏழில் ஒன்று என்ற அளவில் இருந்த பெனிசிலினுக்கு மசியாத ஸ்டாஃப், 1948-இல் பாதிக்கும் மேல் ஆகிவிட்டது. பெனிசிலினை வெட்டிப்போடும் நொதி அவற்றிடம் இருந்தது. 1950-களில் சிட்னியின் மகப்பேறு மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளைத் தாக்கிய ஒரு வகை, உலகின் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த நொதிக்கு மசியாத மெத்திசிலின் வந்தது. வந்த ஒன்றிரண்டு ஆண்டுக்குள், 1961-இல், பாட்ரீசியா ஜெவன்ஸ் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். 5,000-க்கும் மேற்பட்ட ஸ்டாஃப் மாதிரிகளில் மூன்று மெத்திசிலினுக்கும் அடங்கவில்லை, மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று நாம் சொல்லும் வகை அதுதான். இது மருந்தை வெட்டவில்லை. மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தையே மாற்றி வைத்துக்கொண்டது. ஐரோப்பிய முள்ளெலிகளின் உடலில், பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கும் பூஞ்சையோடு போராடி, மனிதன் மருந்து கண்டுபிடிக்கும் முன்பே ஒரு வகை எம்.ஆர்.எஸ்.ஏ. உருவாகியிருந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எனவே எதிர்ப்பை நாம் படைக்கவில்லை. அது எங்கும் பெருக இடம் கொடுத்தது நாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் உள்ள மருத்துவமனைகளில் கிடைக்கும் ஆரியஸில், அண்மை ஆண்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை, புண்ணுக்கு இரண்டு மாத்திரை என்று வாங்கி விழுங்கும் வழக்கம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. என் துறையினர் சீட்டில் எழுதித் தள்ளும் வழக்கமும் அதற்குள் இருக்கிறது; அது இன்னும் பெரிய பங்கு என்றே நான் கருதுகிறேன்.

கட்டிக்கு மருந்து வேண்டாமா என்று கேட்பீர்கள். பழுத்த கட்டிக்கு முதல் மருத்துவம் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவது. சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், எல்லோருக்கும் கட்டியைக் கீறியபின் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 80 விழுக்காட்டினருக்குக் குணம். வெற்று மாத்திரைக்காரர்களிலும் 73 விழுக்காட்டினருக்குக் குணம். மருந்து கொஞ்சம் உதவுகிறது, மறுக்கவில்லை. பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்தி. வீட்டில் பிதுக்குவது இதில் சேராது. மேலுதட்டிலும் மூக்கோரத்திலும் உள்ள கட்டியைப் பிதுக்கினால் தொற்று மூளையை ஒட்டிய சிரைகளுக்குப் போகக்கூடும். வெயிலில் உழைக்கும் இளைஞர் ஒருவர் தொடை வலி, காய்ச்சல் என்று வந்தால், மேலே தோல் ஒன்றும் சிவக்காமல் இருந்தாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். தசைக்குள் சீழ் கட்டும் நோய் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம்.

குருதிக்குள் போனால் கதை வேறு. மருந்துகள் வருமுன் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இந்தத் தொற்று கண்ட 122 பேரில் 82 விழுக்காட்டினர் இறந்ததாக 1941-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று எல்லா மருந்தும் இருந்தும் நான்கில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். ஏன்? காய்ச்சல் இறங்கியதும் வெற்றி என்று நினைத்துவிடுகிறோம். கையில் நான்கு நாளாக இருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய், டயாலிசிஸ் கதீட்டர், உள்ளங்காலில் சர்க்கரை நோயாளி உணராத புண் என்று மூலம் அப்படியே இருக்கும். அல்லது கிருமி வால்வில் போய் அமர்ந்திருக்கும். முதுகெலும்பில் அது அமர்ந்திருக்க, நோயாளி வெறும் முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனவே மூலத்தைத் தேடி எடுக்க வேண்டும். இதயத்தை எக்கோவில் பார்க்க வேண்டும். குருதியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை மறுபடி மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டும். அந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள், வால்வோ எலும்போ பாதிக்கப்பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஊசி மருந்து தர வேண்டும். மெத்திசிலினுக்கு மசியும் வகை என்று தெரிந்துவிட்டால், விலை உயர்ந்த வான்கோமைசினைவிடப் பழைய, மலிவான குளோக்சாசிலினும் செஃபசோலினும் நன்றாகக் கொல்லும். பெரிய மருந்து என்றால் வலிய மருந்து என்ற எண்ணத்தை மாணவர்கள் இன்றே கைவிட வேண்டும்.

தடுப்பூசி வருமா? பலர் முயன்றார்கள். மெர்க் நிறுவனத்தின் வி710, இதய அறுவைக்கு முன் போடப்பட்டு, 2011-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பின்னர் ஸ்டாஃப் தொற்று வந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். பிறந்த நாள் முதல் நம்மோடு வாழும் கிருமி, நம் எதிர்ப்பாற்றலை எப்படியெல்லாம் ஏமாற்றப் பழகியிருக்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

வழியை அடைப்பது நம் கையில் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், மூக்கில் ஸ்டாஃப் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்ந்ததுமே கண்டுபிடித்து, ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் கொடுத்தார்கள். ஸ்டாஃப் தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. இதய அறுவைக்கும் மூட்டு மாற்றுக்கும் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் இதை நம் மருத்துவமனைகள் செய்யலாம். களிம்பு நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

கடைசியாக, மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றப்போகும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு இரண்டு மணிக்குக் கடும் காய்ச்சலோடு ஒருவர் வருவார். உறவினர் சூழ்ந்து நிற்பார்கள், உடனே ஊசி போடச் சொல்வார்கள். போடுங்கள், தாமதிக்க வேண்டாம். ஆனால் முதல் ஊசிக்கு முன், கையைக் கழுவி, தோலைத் துடைத்து, அது காயும்வரை பொறுத்து, இரண்டு இடங்களிலிருந்து குருதி எடுத்து இரண்டு கல்ச்சர் பாட்டில்களில் விடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஊசி போட்டபின் எடுத்தால் பல நேரம் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும், எத்தனை வாரம் தர வேண்டும் என்று எதுவும் தெரியாமல் அந்த நோயாளியின் சிகிச்சை முழுவதும் ஊகமாகிவிடும். உங்கள் மருத்துவமனையில் கல்ச்சர் பாட்டில் இல்லையென்றால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.